அடிக்கு அரை இஞ்சு

எங்கள் பக்கம், அதாவது சங்ககிரிக்கும் திருச்செங்கோட்டுக்கும் இடைப்பட்ட ஊர்களில், லாரி இல்லாத வீடு நிறைய உண்டுங்க. லாரிப் பேச்சு இல்லாத வீடுதான் கிடையாது. நிலத்தை அடகு வைத்து லாரி வாங்கினவங்க, லாரி ஓட்டி நிலம் வாங்கினவங்க, லாரியை நம்பி நிலத்தையும் விட்டவங்க என்று மூன்று வகையும் ஒரே தெருவில் இருப்பாங்க. திருச்செங்கோட்டுக்கு ரிக் வண்டி, நாமக்கல்லுக்கு டேங்கரும் லாரி பாடியும், கரூருக்கு பஸ் பாடி என்று ஊருக்கு ஒரு பெயர் இருக்கு. அப்படிப்பட்ட ஊரில் ஒரு பையன் ராத்திரி உட்கார்ந்து ஒன்றேகால் அடி நீளத்தில் லாரி செய்கிறான் என்றால் அதில் அதிசயப்பட என்ன இருக்கு? அவன் வேறு எதைச் செய்வான்?

எனக்கு அதிசயமாக இருப்பது அதைப் பார்க்க வருகிறவர்கள்தான்.

பையன் என் பங்காளி மகன். பாலிடெக்னிக் இரண்டாம் வருஷம். ஐந்தாறு வருஷமாக லாரி, பஸ், டிராக்டர் என்று செய்து அடுக்கி வைத்திருக்கிறான். போன வருஷம் ஊர்த் திருவிழாவுக்கு வந்த யாரோ ஒருத்தர் செல்போனில் படம் பிடித்துப் போட்டுவிட்டார். தலைப்பு என்ன தெரியுங்களா? 'குப்பையில் கலை! ஏழை மாணவனின் அசத்தல் திறமை'. அதைப் பார்த்துவிட்டுப் பையனோட அப்பன் என்கிட்ட வந்து நின்னுட்டான். "ஏனுங்கண்ணா, ஆறு ஏக்கராவும் அரை லாரியும் வெச்சிருக்கறவன் ஏழையாமா? பொண்ணு பாக்கப் போற வீட்டுல இதை யாராவது காட்டினா என்னாகும்?" என்றான். அரை லாரி என்றது மச்சானோட பாதிப் பங்கு. நான் சிரித்தேனே ஒழிய, அவன் கேட்டதில் நியாயம் இருந்தது.

நகரத்தில் இதே வேலையை ஒருத்தர் செய்தால் அதற்கு 'ஹாபி' என்று பெயர். ஜப்பான் பெட்டி வாங்கி, சின்ன இடுக்கி வாங்கி, ஸ்ப்ரே துப்பாக்கி வாங்கி, மேஜை விளக்குக்குக் கீழே உட்கார்ந்து ஒட்டுவார். யாரும் அவரை ஏழை என்று சொல்வதில்லை, 'திறமையை ஊக்குவிப்போம்' என்றும் எழுதுவதில்லை. அவருக்குப் பிடிச்சிருக்கு, செய்கிறார், அவ்வளவுதான். கிராமத்துப் பையன் செய்தால் மட்டும் அது வறுமையாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வருங்காலத் தொழிலாக இருக்க வேண்டும். சும்மா பிடிச்சுச் செய்யற உரிமை எங்களுக்கு இல்லை போல.

அவன் பழைய சாமானை எடுப்பதற்குக் காரணம் அளவு. இதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன், ஏன்னா இந்த விஷயத்தோட உயிரே இதில்தான் இருக்கு.

அவன் செய்வதெல்லாம் 1:24 கணக்கு. நிஜ வண்டியில் 24 இஞ்சு இருப்பது இவன் வண்டியில் 1 இஞ்சு. அதையே வேறு மாதிரி சொன்னால் அடிக்கு அரை இஞ்சு. எங்க ஊர் ஆசாரியும் பட்டறை மேஸ்திரியும் இன்னமும் அடி, இஞ்சில்தான் பேசறாங்க. அவர்கள் 'பதினேழு அடி' என்றால் இவன் மனசுக்குள் எட்டரை இஞ்சு என்று போட்டுக்கொள்வான். சட்டப்படி ஒரு லாரியின் அகலம் 2.6 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. 24-ஆல் வகுத்தால் 108 மில்லிமீட்டர். அதில் அரை மில்லி கூடினாலும் அவனுக்குத் தூக்கம் வராது.

இப்போ சாமானைப் பாருங்க. பழைய லாரிகளில் ஓடின 10.00-20 டயர் கிட்டத்தட்ட 1,050 மில்லிமீட்டர் உயரம், 280 அகலம். வகுத்தால் 44 மில்லி விட்டம், 12 மில்லி கனம். ஹவாய் செருப்பின் அடிப்பாகம் என்ன கனம் என்று அளந்து பாருங்க, தெரியும். லாரியின் காற்றுத் தொட்டிக்குச் சொட்டுநீர்ப் பாசனத்தில் போடற 12 மில்லி லேட்டரல் குழாய். 24-ஆல் பெருக்கினால் 288 மில்லி, கச்சிதம். சைலன்சர் குழாய்க்கு அதே சொட்டுநீரின் 4 மில்லி மைக்ரோ டியூப். பழைய வண்டிகளின் வட்ட ஹெட்லைட் 7 இஞ்சு, இவனுக்கு 7.4 மில்லி வேணும். அதற்கு மாத்திரை அட்டையில் இருக்கிற குமிழ். எங்க அம்மாவோட சர்க்கரை மாத்திரை அட்டை எல்லாம் அவன் கைக்குப் போகுது. எல்லாக் குமிழும் ஆகாது. அட்டையை வாங்கி ஸ்கேல் வைத்துப் பார்த்துவிட்டு, "இது பெருசுங் பெரியப்பா" என்று திருப்பிக் கொடுத்துவிடுவான்.

எனக்கு ரொம்பப் பிடித்தது ஐஸ் குச்சி. அகலம் 10 மில்லி, கனம் 2 மில்லி. 24-ஆல் பெருக்குங்க: ஒன்பதரை இஞ்சு அகலமும் ரெண்டு இஞ்சுக்குக் கொஞ்சம் கம்மியான கனமும் உள்ள பலகை. லாரித் தரைக்குப் போடற பலகை கிட்டத்தட்ட அதுதான். குச்சியை யாரும் லாரிக்காகச் செய்யவில்லை. ஆனாலும் பொருந்தி வருது. இப்படி ஒரு பொருத்தம் கிடைக்கிற அன்னைக்கு அவன் முகத்தைப் பார்க்கணும்.

பாடியும் கேபினும் ஃபோம் ஷீட்டில். பிளக்ஸ் போர்டு கடையில் வெட்டினது போக மிச்சத்தைக் கேட்டு வாங்கி வருவான். 2 மில்லி, 3 மில்லி, 5 மில்லி என்று கனத்துக்குத் தகுந்த மாதிரி பிரித்து வைத்திருப்பான். ஸ்டீல் ஸ்கேல், பேப்பர் கத்தி, சட்டென்று ஒட்டற பசை, பட்டி, உப்புத்தாள். ஸ்பிரிங் பட்டைக்கு டைல்ஸ் பெட்டியைக் கட்டி வர்ற பிளாஸ்டிக் நாடா. அரை மில்லி கனம் இருக்கும். 3 மில்லி அகலத்துக்கு வகுந்து ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி, நடுவில் கம்பி சுற்றிவிட்டால் பின்பக்கத்து ஸ்பிரிங் கட்டு தயார். தார்ப்பாய்க்குக் கிழிந்த குடைத்துணி. இதில் எதுவும் காசு இல்லாமல் எடுத்தது இல்லை. கடையில் விற்கிற எதுவும் அந்த அளவில் இல்லை, அதனால் எடுத்தது.

சின்னதாக்கினால் எல்லாமே ஒரே மாதிரி சின்னதாகாது என்று இவனிடம்தான் நான் கற்றுக்கொண்டேன். பழைய ரெண்டு ஆக்சில் லாரி சுமையோடு 16.2 டன். நீளம், அகலம், உயரம் மூன்றையும் 24-ஆல் வகுத்தால் எடையை 24-ஆல் மூன்று தடவை வகுக்கணும், அதாவது 13,824-ஆல். 16.2 டன் வண்டி ஒன்றே கால் கிலோவுக்கும் கீழே வந்துவிடும். ஆனால் ஸ்பிரிங்கின் விறைப்பு அந்த வேகத்தில் குறையாது. அதனால் அச்சு அசலாக ஸ்பிரிங் செய்து மாட்டினாலும், லோடு ஏற்றின லாரி மாதிரி பின்னால் பதியாமல், காலி வண்டி மாதிரி விறைச்சுக்கிட்டு நிற்கும். முதல் லாரியில் இது ஏன் என்று தெரியாமல் ஒரு மாசம் மண்டையைப் பிய்ச்சுக்கிட்டான். அப்புறம் நடுப்பட்டைகளை இழைத்து மெலிசாக்கி, தொட்டிக்கு அடியில் ஈயத்துண்டு வைத்தான். இப்போ செங்கல் லோடு வண்டி செங்கல் லோடு வண்டி மாதிரியே குந்தியிருக்கு.

தூசியும் அப்படித்தான். செம்மண் ரோட்டில் ஓடின வண்டி என்று காட்ட எங்க தோட்டத்து மண்ணையே எடுத்துத் தூவினான். பார்க்கச் சகிக்கல. ஏன்னா ஒரு மில்லி மண்துகள் அந்த உலகத்தில் 24 மில்லி. முக்கால் இஞ்சு ஜல்லியைவிடப் பெருசு. வண்டி மேல ஜல்லி கொட்டின மாதிரி இருந்துச்சு. வேட்டித்துணியில் ரெண்டு தடவை சலித்து, தண்ணியில் கலக்கித் தெளிய விட்டு, மேலே நின்ற வண்டலை மட்டும் காய வைத்து எடுத்துக்கிட்டான். அதைப் பிரஷ்ஷில் தொட்டுச் சக்கரத்து மேல் மட்காப்பில் தடவின பிறகு, செல்போனில் படம் எடுத்து டிரைவர் ஒருத்தரிடம் காட்டினோம். "இது எந்த ஊரு வண்டி?" என்றார்.

நாங்களும் சின்ன வயசில் வண்டி செய்தவங்கதான். நுங்கு தின்ற குடுக்கையில் சக்கரம் வைத்து ஓட்டினோம். சோளத்தட்டை உரித்து, பட்டையை வளைத்து, நெட்டியைத் துண்டு போட்டு, வேலாமுள்ளை ஆணியாகக் குத்தி மாட்டு வண்டி செய்தோம். அதுல ரெண்டு மாடும் உண்டு. ஆனால் அது விளையாட்டுச் சாமான். உருளணும், மேட்டுல ஏறணும், சாயங்காலம் உடையணும். பையன் செய்வது உருளத் தேவையில்லாத வண்டி. பார்க்க வருகிற சொந்தக்காரங்க முதலில் கேட்பது "இது ஓடுங்களா?" என்றுதான். ஓடாது என்றதும் சப்பென்று ஆகிவிடும். 'ஓடாத வண்டிக்கு மூணு மாசமா?' என்பார்கள். கோயில் கோபுரத்துப் பொம்மை நடக்குமா என்று யாரும் கேட்டதில்லை.

இது பணக்கார ஊர்க்காரர்களின் வரவேற்பறையில் பிறந்த பழக்கம் என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்லணும். பிளாஸ்டிக் மாடல் பெட்டிகளுக்கு உலகம் முழுக்கப் பெயர் பெற்ற இங்கிலாந்துக் கம்பெனி ஏர்ஃபிக்ஸ். போர் விமானங்களுக்காக அதை எல்லாருக்கும் தெரியும். அதன் முதல் மாடல் விமானம் இல்லைங்க, டிராக்டர். 1949-இல் பெர்குசன் டிராக்டர் விற்கப் போகிற ஆட்கள் கையில் கொண்டுபோய்க் காட்டுவதற்காகச் செய்தது. பிறகு அதையே கோக்காமல் தனித்தனிப் பாகங்களாகப் போட்டு விற்க ஆரம்பித்தார்கள். அந்த பெர்குசன் வழி வந்த மாசி பெர்குசனைத்தான் சென்னையில் 1960-இல் தொடங்கின டாஃபே இங்கே செய்துகொடுத்தது. எங்க தோட்டத்தில் இன்னமும் ஒரு பழைய மாசி நிற்குது. விதைப்புக் காலத்தில் அதுதான் முதலில் ஸ்டார்ட் ஆகும், புதுசு அப்புறம்தான்.

அமெரிக்காவில் அயோவா மாநிலத்தில், சோளக்காட்டு நடுவில், டுபியூக் என்று ஓர் ஊர். அங்கே பிரெட் ஏர்ட்ல் என்பவர் 1945-இல் வேலையில்லாமல் வீட்டில் இருந்த சமயம், வீட்டைச் சூடாக்கற அடுப்பில் அலுமினியத்தை உருக்கி, மணல் அச்சில் ஊற்றிப் பொம்மை டிராக்டர் வார்க்க ஆரம்பித்தார். அந்த அலுமினியம் எது? போரில் மிஞ்சிப்போன விமானங்களின் பிஸ்டன். அவரும் பழைய சாமான்தான் எடுத்திருக்கிறார் பாருங்க. 1959-இல் பக்கத்து டயர்ஸ்வில்லுக்குத் தொழிற்சாலை போனது. இன்னைக்கு அந்தச் சின்ன ஊரில் பண்ணைப் பொம்மைகளுக்கென்றே ஒரு அருங்காட்சியகம் இருக்கு. வருஷா வருஷம் நவம்பரில் அறுவடை முடிந்த கையோடு விவசாயிகள் கூடுகிறார்கள். அவர்கள் கணக்கு பெரும்பாலும் 1:16, அதாவது அடிக்கு முக்கால் இஞ்சு. தாத்தா ஓட்டின டிராக்டர் எந்த வருஷ மாடலோ அதே மாதிரி வேணும் என்று, கடையில் வாங்கின பொம்மையைப் பிரித்து, சக்கரத்தை மாற்றி, புகைக்குழாயை வளைத்து, எந்த இடத்தில் பெயிண்ட் உரிந்திருந்ததோ அந்த இடத்தில் உரித்து வைக்கிறவர்கள் அங்கே ஏராளம். உழுகிறவன் உழுகிற வண்டியைச் சின்னதாகச் செய்து பார்க்கிறான். இதில் ஊர் வித்தியாசம் என்ன இருக்கு?

ஏர்ட்ல் அதைத் தொழிலாக்கினார் அல்லவா, உங்க பையனும் ஆக்கலாமே என்று கேட்பீர்கள். ஆக்கலாம், அவனுக்குத் தோன்றினால். அதுக்கு வர்றேன்.

அதற்கு முன்னால், இவன் கடையில் கிடைக்கிற பொம்மையை வாங்கித் திருத்தாமல் ஏன் முதலிலிருந்து செய்கிறான் என்பதைச் சொல்லிவிடணும். 1968-இல் வந்த ஹாட் வீல்ஸ் காரைச் சக்கரம் மாற்றிப் பெயிண்ட் அடித்து அழகு பார்க்கிறவர்கள் உங்க ஊர்களில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். நல்ல வேலைதான், குறை சொல்லவில்லை. ஆனால் எங்க லாரிக்கு அந்த வழி கிடையாது. ஏன் என்றால், கார் கம்பெனியில் பிறக்கிறது. எங்க லாரியில் பாதிதான் கம்பெனியில் பிறந்தது. அந்தக் காலத்தில் எஞ்சினும் சேஸும், முன்னால் ஒரு முகமும் மட்டும்தான் கம்பெனியிலிருந்து வரும். டிரைவர் தலையில் சாக்கைக் கட்டிக்கொண்டு, கண்ணாடி போட்டுக்கொண்டு, வெறும் சேஸை ஓட்டி வருவார். மரச்சட்டம் அடித்துத் தகரம் போர்த்திக் கேபினும் பாடியும் கட்டினது இங்கே பட்டறையில். பட்டறைக்குப் பட்டறை கேபினின் நெற்றி மாறும், கதவுக் கைப்பிடி மாறும், மேலே கேரியரின் வளைவு மாறும். தூரத்தில் வர்ற வண்டியோட நெற்றியைப் பார்த்தே எந்தப் பட்டறை வேலை என்று சொல்கிற ஆட்கள் எங்க ஊர் டீக்கடையில் இருந்தாங்க. அப்படி ஊருக்கு ஊர் மாறற வண்டியை எந்தப் பொம்மைக் கம்பெனி அச்சு போட்டு விற்கும்? கையால் செய்தால்தான் உண்டு.

இப்போ அந்தக் கேபின்கள் போய்க்கிட்டிருக்கு. கம்பெனியே முழுக் கேபினோடு வண்டியை அனுப்புது. 2025 அக்டோபர் முதல் தயாராகிற நடுத்தர, கனரக லாரிகளின் கேபினில் ஏ.சி. கட்டாயம் என்று சட்டமே வந்தாச்சு. இதில் எனக்கு வருத்தம் ஏதும் இல்லை. பழைய கேபினில் எஞ்சின் சூடு காலைச் சுடும். சித்திரை மாசம் நாக்பூர் பக்கம் போய்வந்த டிரைவர்களின் பாதத்தைப் பார்த்தவன் நான். மரக் கேபின் மோதினால் என்னாகும் என்பதும் எங்க ஊருக்குத் தெரியும். வீட்டுக்கு வீடு ஒரு போட்டோ மாலையோடு தொங்குது. அந்த வண்டிகள் போகட்டும். ஆனால் அது எப்படிக் கட்டப்பட்டிருந்தது, எந்தச் சட்டம் எந்தச் சட்டத்தில் கவ்வியது என்பதை எங்கேயும் யாரும் வரைந்து வைக்கவில்லை. மேஸ்திரிகள் வரைபடம் போட்டுக் கட்டினவங்க இல்லை. சாக்பீஸில் தரையில் கோடு போட்டு, வேலை முடிந்ததும் கூட்டித் தள்ளினவங்க. அந்த அளவுகள் இப்போ இருப்பது நாலைந்து கிழவர்களின் கையிலும், இந்த மாதிரிப் பையன்களின் நோட்டிலும்தான். இவனிடம் ரெண்டு நோட்டு இருக்கு. ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு வண்டி. நம்பர், யார் வண்டி, கதவு எத்தனை அங்குலம், படி எத்தனை உயரம், பின்கதவில் எத்தனை கொக்கி. வீடியோவில் வந்தது பெயிண்ட் அடித்த லாரி. யாராவது அந்த நோட்டைப் படம் எடுத்திருக்கலாம்.

சரி, காசு. அந்த வீடியோவைப் பார்த்து நகரத்திலிருந்து ஒருத்தர் பேசினார். நல்ல மாதிரியாகத்தான் பேசினார். ஒன்றுக்கு எட்டாயிரம், மாசம் நாலு, எல்லாம் ஒரே மாடல், பெயர்ப்பலகை மட்டும் அவரவர் கேட்கிற மாதிரி. அப்பனுக்குச் சந்தோஷம். இத்தனை நாள் 'வெட்டி வேலை' என்றவன், "தண்ணி கட்டற வேலையை நான் பாத்துக்கறேன், நீ லாரியைச் செய்யி" என்றான். பையன் செய்தான். ரெண்டு போனது. மூன்றாவது பாதியில் நிற்கும்போது என் களத்துக்கு வந்து உட்கார்ந்திருந்தவன் சொன்னான்: "பெரியப்பா, இந்த வண்டிக்கு நான் அளவே எடுக்கலைங்க. முன்னாடி வெட்டினதை வெச்சுக் கோடு போட்டு வெட்டிட்டேன். கை பாட்டுக்குப் போகுது." நாலாவது செய்யவில்லை. அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். அப்பன் நாலு நாள் பேசவில்லை.

அப்பனையும் நான் குறை சொல்ல மாட்டேன். கூலிக்கு ஆள் கிடைக்காத ஊரில், மரவள்ளி விலை என்ன ஆகும் என்று தெரியாத வருஷத்தில், வீட்டில் இருக்கிற ஒரு ஜோடிக் கை மூன்று மாசம் ஓடாத லாரி செய்கிறது என்றால் யாருக்கும் வயிறு எரியும். ஆனால் அதே வீட்டில் ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் செல்போனைத் தடவிக்கிட்டுப் படுத்திருக்கிற பெரியவனை யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. கிரிக்கெட் விளையாடப் போகிறவனிடம் 'இதனால் என்ன வருமானம்' என்று கேட்பதில்லை. எதையாவது உண்டாக்குகிறவனிடம்தான் கணக்குக் கேட்கிறோம். சிலர் பரிந்து பேசுவதாக நினைத்து, 'இது அவன் படிப்புக்கு உதவும், டிசைன் வேலை கிடைக்கும்' என்று சொல்கிறார்கள். உதவலாம். பாலிடெக்னிக் வாத்தியாரே இவன் வரைவதைப் பார்த்துக் கூப்பிட்டுப் பாராட்டினாராம். ஆனால் வேலை கிடைக்கும் என்று சொல்லித்தான் ஒரு பையனை ராத்திரி எட்டு மணிக்கு நிம்மதியாக உட்கார விடணுமா? நான் தோட்டத்து மூலையில் ரெண்டு செடி நாட்டு ரோஜா வைத்திருக்கிறேன். அதற்கு யாரும் என்னிடம் வரவு செலவு கேட்டதில்லையே.

நகரத்தில் இருக்கிறவங்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. இந்த மாதிரி ஒரு பையனை எங்கேயாவது பார்த்தால் 'இது என்ன விலை?' என்று ஆரம்பிக்காதீங்க. 'பாவம்' என்றும் ஆரம்பிக்காதீங்க. 'இந்தக் கதவுக்கு அளவு எங்கே எடுத்தே?' என்று கேட்டுப் பாருங்க. அப்புறம் அவனை நிறுத்தவே முடியாது, டீ ஆறிப்போகும்.

இப்போ அவன் ஒரு பழைய காமெட் லாரி பின்னால் திரிகிறான். எண்ணூரில் 1948-இல் அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கி 1955-இல் அசோக் லேலண்ட் ஆன கம்பெனியோட வண்டி. எங்க ஊரிலிருந்து நாலு கல் தள்ளி, ஒரு பாழுங்கிணற்று ஓரத்தில், சக்கரம் இல்லாமல் கல்லு மேல் நிற்குது. உள்ளே வேலாமரம் முளைத்துக் கேபின் ஜன்னல் வழியாக வெளியே வந்திருக்கு. பழைய இரும்பு வியாபாரி அட்வான்ஸ் கொடுத்துவிட்டார். வர்ற வெள்ளிக்கிழமை கேஸ் கட்டரோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார். பையன் மூன்று நாளாகக் காலேஜ் விட்டதும் நேராக அங்கேதான் போகிறான். நேற்று நானும் போய் டேப்பின் ஒரு முனையைப் பிடித்தேன். சேஸ், பாடி, பம்பர், படி எல்லாம் எடுத்தாச்சு. கேபின் கூரையின் மரச்சட்டத்தைத்தான் கரையான் முழுசாகத் தின்றுவிட்டது. தகரம் மட்டும் தொங்குது. உள்பக்கம் எத்தனை சட்டம் இருந்தது, குறுக்கா நெடுக்கா என்று தெரியவில்லை. கட்டின மேஸ்திரி இப்போ இல்லை.

உங்க வீட்டு ஆல்பத்தில், அப்பாவோ தாத்தாவோ லாரிக்குள் உட்கார்ந்தோ, கதவைத் திறந்து வைத்து நின்றோ எடுத்த போட்டோ இருந்தால் ஒரு தடவை எடுத்துப் பாருங்க. கருப்பு வெள்ளை என்றாலும் பரவாயில்லை. ஆள் முகம் தெரியவில்லை என்றாலும் பரவாயில்லை, அவர் தலைக்கு மேல் கூரை தெரிந்தால் போதும். கதவோ சன்னலோ முழுசாக அதே போட்டோவில் விழுந்திருந்தால், அதை வைத்து மீதி அளவைக் கணக்குப் போட்டுக்கொள்வேன் என்கிறான்.